ரைஃபிள் தோட்டா ரீலோடிங்: ரீசைஸிங் டை தகராறு செய்யும்போது கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் மான் வேட்டைக்கும் டார்கெட் சுடுவதற்கும் போகிற தமிழ் நண்பர்கள், சொந்தமாக ரீலோடிங், அதாவது சுட்ட தோட்டாவின் கூட்டை மறுபடி நிரப்புவது, ஆரம்பித்த சில வாரங்களில் கேட்கிற கேள்விகள் இவை. பெரும்பாலும் "டை சரியில்லை, திருப்பிக் கொடுத்துடலாமா?" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். பத்துக்கு ஒன்பது தடவை டை மேல், அதாவது கூட்டை நசுக்கி அளவுக்குக் கொண்டுவரும் எஃகு அச்சின் மேல், குற்றம் இருக்காது. ஒன்று மசகு போதவில்லை, இல்லாவிட்டால் அளக்காமல் டையைப் பூட்டியிருப்பார்கள்.

இங்கே பேசுவது கேஸை, அதாவது சுட்டபின் மிஞ்சும் பித்தளைக் கூட்டை, பழைய அளவுக்குக் கொண்டுவருவதைப் பற்றி மட்டும். வெடிமருந்து எவ்வளவு போடுவது என்பதை அச்சிட்ட லோடிங் கையேட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், நண்பர் வாய்மொழியை வைத்து அல்ல. அளவுகள் எல்லாம் அங்குலத்தில்.

முதல்ல, ரீசைஸிங் டை என்னதான் பண்ணுது? சுட்ட கேஸை அப்படியே திரும்ப நிரப்பினா என்ன?

சுடும்போது உள்ளே எழும் அழுத்தத்தில் கேஸ் ஊதி, சேம்பரின், அதாவது துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையின், சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அழுத்தம் இறங்கியதும் பித்தளை கொஞ்சம் சுருங்கும், ஆனால் பழைய அளவுக்கு வராது. குண்டைப் பிடிக்கும் கழுத்து தளர்ந்திருப்பதால் புதுக் குண்டை வைத்தால் பிடிப்பில்லாமல் உள்ளே விழுந்துவிடும். உடலும் பெருத்திருக்கும்.

டை ஒரே இழுப்பில் நான்கு வேலை செய்கிறது. உடலை இறுக்குகிறது, கழுத்துக்கு அடியில் சரிவாக உள்ள தோளைக் கொஞ்சம் கீழே தள்ளுகிறது, கழுத்தைத் தேவைக்கு மேலேயே ஒடுக்குகிறது. நடுவில் இருக்கும் கம்பியின் முனை பழைய பிரைமரை, அதாவது மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியை, வெளியே தள்ளுகிறது. கேஸ் திரும்பி இறங்கும்போது அதே கம்பியில் உள்ள உருண்டை, ஒடுங்கின கழுத்தை உள்ளிருந்து சரியான அளவுக்கு விரிக்கிறது. எந்தப் பிரச்சினையாக இருந்தாலும், இந்த வேலைகளில் எது கெட்டது என்று முதலில் பாருங்கள். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

ஃபுல் லெங்த் டை வாங்கவா, நெக் டை வாங்கவா?

ஃபுல் லெங்த். கழுத்தை மட்டும் ஒடுக்கும் டை, ஒரே போல்ட் ரைஃபிளில் (சேம்பரை மூடும் போல்ட்டைக் கையால் இயக்குவது) சுட்ட கேஸுக்கு ஓரளவு உதவும். சில சுற்றுக்குப் பிறகு போல்ட் இறுக ஆரம்பித்ததும், அதற்கும் ஃபுல் லெங்த் டை தேவைப்படும். செமி ஆட்டோமேட்டிக் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஃபுல் லெங்த்தான்.

மசகு எவ்வளவு தடவணும்? எதைத் தடவணும்?

ரீசைஸிங்குக்கு என்றே விற்கும் மெழுகு நல்லது. இம்பீரியல் மெழுகு ஒரு சின்ன டப்பா வாங்கினால் பல வருடம் வரும். விரல் நுனியில் லேசாகத் தொட்டு, கேஸின் கீழ்ப்பாதியில் சுற்றித் தேய்த்தால் போதும். அடியை ஒட்டிய பகுதியில்தான் உராய்வு அதிகம், அங்கே விடாமல் படவேண்டும். தோளில் வேண்டாம், காரணம் கீழே வருகிறது. சமையல் எண்ணெய், கதவுக் கீலுக்கு அடிக்கிற ஸ்பிரே எல்லாம் இந்த அழுத்தத்துக்குத் தாங்காது.

வீட்டிலேயே செய்பவர்கள் லனோலின் ஒரு பங்கு, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் பன்னிரண்டு பங்கு கலந்து தெளிக்கிறார்கள். நன்றாகவே வேலை செய்யும். ஆனால் தெளித்தவுடன் ஓட்டக்கூடாது. ஆல்கஹால் முழுக்க ஆவியான பிறகுதான் லனோலின் படலம் நிற்கும். ஈரத்தோடு அவசரப்பட்டவர்கள்தான் அடுத்த கேள்வியோடு வருகிறார்கள்.

கேஸ் டைக்குள்ள மாட்டிக்கிச்சு! கைப்பிடியைத் தொங்கிப் பார்த்தும் வரலை. என்ன பண்ணட்டும்?

முதலில் தொங்குவதை நிறுத்துங்கள். இன்னும் பலமாக இழுத்தால் கேஸின் அடியைப் பிடித்திருக்கும் ஷெல் ஹோல்டர் அதன் விளிம்பைப் பிய்த்துக்கொண்டு வரும், கேஸ் மட்டும் உள்ளேயே இருக்கும். விளிம்பு இன்னும் முழுசாக இருந்தால், டையின் பூட்டு வளையத்தைத் தளர்த்தி, டையைத் திருகிக் கழற்றுங்கள். ஷெல் ஹோல்டரை ராமின் (பிரெஸ் எனும் அழுத்தும் கருவியில் கேஸை ஏற்றி இறக்கும் தண்டின்) தலையிலிருந்து பக்கவாட்டில் நழுவவிட்டு, மொத்தத்தையும் வெளியே எடுத்துவிடலாம். சாதாரண ஒட்டலாக இருந்தால் டையை ஃப்ரீசரில் ஓரிரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். குளிரில் எஃகைவிடப் பித்தளை அதிகம் சுருங்கும். சில சமயம் அதிலேயே விட்டுவிடும்.

அப்படியும் வராவிட்டால் கேஸ் எடுக்கும் கிட் தேவை. டையைத் தலைகீழாக வைஸில் பிடியுங்கள், தாடைக்கு நடுவில் துணியோ மரத்துண்டோ கொடுத்து. உள்ளே இருக்கும் பிரைமர் கம்பியை எவ்வளவு முடியுமோ அவ்வளவு வெளிப்பக்கம் திருகி விலக்குங்கள். இதை மறந்தால் துளைக்கும்போது பிட் கம்பியில் முட்டி இரண்டும் கெடும். பிரைமர் இருந்த குழியின் நடுவில் 7-ஆம் எண் டிரில் பிட்டால் (0.201 அங்குலம்) துளைத்து, அங்குலத்துக்கு 20 மரை உள்ள கால் அங்குல டேப்பை ஓட்டி மரை வெட்டுங்கள். டேப்பை அரைச்சுற்று முன்னே, கால்சுற்று பின்னே என்று நகர்த்தினால் சீவல் உடைந்து வெளியே வரும். அப்புறம் டையின் வாயில் ஒரு கிண்ணம், அதன்மேல் வாஷர், அதன்வழியே கால் அங்குல போல்ட். ரென்ச்சால் இறுக்க இறுக்க, "டப்" என்று ஒரு சத்தத்தோடு கேஸ் வெளியே வரும். கிட்டில் வரும் கிண்ணத்துக்குப் பதிலாக, பெரிய அளவு சாக்கெட் ஒன்றும் போதும்.

லீ நிறுவனத்தின் டையில் கம்பியைக் கோலெட் என்ற இறுக்குப் பிடி ஒன்றுதான் பிடித்திருக்கிறது. அதில் கோலெட்டைத் தளர்த்திவிட்டு, கம்பியை மேலிருந்து சுத்தியலால் தட்டியே கேஸை வெளியேற்றலாம். இங்கே சொன்ன எல்லாமே பிரைமர் இல்லாத கேஸுக்கு மட்டும். உள்ளே உயிருள்ள, அதாவது இன்னும் வெடிக்காத, பிரைமர் இருந்தால் துளைக்கவும் கூடாது, தட்டவும் கூடாது.

கார்பைடு டை வாங்கிட்டா மசகே வேண்டாம்னு கடைக்காரர் சொன்னாரே?

அது கைத்துப்பாக்கியின் நேர்க்கேஸுக்கு. தோளும் கழுத்தும் உள்ள ரைஃபிள் கேஸுக்குக் கார்பைடு டை போட்டாலும் மசகு வேண்டும். விலை மட்டும்தான் கூடும்.

டை பெட்டியில வந்த காகிதத்துல, "ஷெல் ஹோல்டரைத் தொடும்வரை இறக்கு, அப்புறம் இன்னும் கொஞ்சம் திருகு"ன்னு இருக்கு. அதோட விட்டுடலாமா?

விட்டால் எந்த ரைஃபிளிலும் ஏறுகிற கேஸ் கிடைக்கும். ஆனால் உங்கள் ரைஃபிளின் சேம்பர் கொஞ்சம் நீளமாக இருந்தால், ஒவ்வொரு தடவையும் தோளைத் தேவைக்கு மேல் தள்ளுகிறீர்கள். சுடும்போது அது மறுபடி முன்னால் ஓடும். இப்படி முன்னும் பின்னும் இழுபட்டால் அடிப்பக்கம் மெலிந்துவிடும்.

அதனால் அளந்து அமைப்பதுதான் முறை. காலிப்பரில் பூட்டுகிற ஹெட்ஸ்பேஸ் கம்பாரேட்டர் ஒன்று வாங்குங்கள். உங்கள் ரைஃபிளில் சுட்ட, பிரைமர் எடுத்த கேஸை அடியிலிருந்து தோள்வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ரீசைஸ் செய்த கேஸ் போல்ட் ரைஃபிளுக்கு அதைவிட 0.002 அங்குலம் குட்டையாக இருந்தால் போதும். செமி ஆட்டோவுக்கு 0.003 முதல் 0.004 வரை.

டையின் மரை அங்குலத்துக்கு 14. ஒரு முழுச்சுற்று 0.071 அங்குலம் இறக்கும். 0.001 வேண்டுமென்றால் வெறும் ஐந்து டிகிரி. "கொஞ்சம்" என்று சொல்லிக் கால் சுற்று திருகுகிறவர், .308 வின்செஸ்டரில் சேம்பரின் நீளத்தைச் சோதிக்கும் கோ கேஜுக்கும் (1.630) நோ-கோ கேஜுக்கும் (1.634) இடையே உள்ள தூரத்தைப்போல நான்கு மடங்குக்கு மேல் தாண்டிவிடுகிறார். டை ஷெல் ஹோல்டரில் முட்டி நிற்பதால் அவ்வளவும் கேஸில் இறங்காது என்பது மட்டும்தான் ஆறுதல். டையில் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொண்டு, உயரத்தில் ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, ஒவ்வொரு தடவையும் அளந்து பாருங்கள். அளவு வந்ததும் கேஸை டைக்குள் வைத்து அழுத்திய நிலையிலேயே பூட்டு வளையத்தை இறுக்குங்கள்.

நீங்க சொன்னபடி டையை இறக்கினேன். கேஸ் குட்டையாகாம நீளமாகுது! இது என்ன கூத்து?

கூத்து ஒன்றும் இல்லை, டை வேலை செய்கிறது. தோளைத் தொடுவதற்கு முன்பே டை உடலை இறுக்குகிறது. நசுங்கும் பித்தளைக்குப் போக இடம் மேலேதான், அதனால் தோள் முன்னால் ஏறும். சுட்ட கேஸைவிட அளவு கூடுதலாகக் காட்டும். இன்னும் இறக்குங்கள். டை தோளைத் தொட்டதும் அளவு திரும்பி இறங்க ஆரம்பிக்கும். இந்த நடுநிலையில் நிறுத்திவிட்டவர்களின் கேஸ்தான் போல்ட்டை மூடவிடாமல் அடம்பிடிக்கும்.

டை ஷெல் ஹோல்டர்ல நல்லா முட்டுது, ஆனாலும் தோள் இறங்க மாட்டேங்குது. டைதானே கோளாறு?

வெறும் ராமை உயர்த்தும்போது முட்டுவது வேறு, கேஸோடு உயர்த்தும்போது முட்டுவது வேறு. மசகு தடவிய கேஸை உள்ளே செலுத்தி, கைப்பிடி கடைசிவரை இறங்கிய நிலையில், பின்னால் விளக்கைப் பிடித்து டைக்கும் ஷெல் ஹோல்டருக்கும் நடுவில் பாருங்கள். ஒளிக்கீற்று தெரிந்தால் அழுத்தத்தில் பிரெஸ் வளைகிறது என்று அர்த்தம். அலுமினிய பிரெஸ்ஸில் இது சகஜம். கீற்று மறையும்வரை டையை இறக்குங்கள்.

கீற்று இல்லாமலும் தோள் இறங்கவில்லை என்றால் ஷெல் ஹோல்டரைப் பாருங்கள். கேஸின் அடி உட்காரும் தளத்திலிருந்து மேல்முகம் வரை 0.125 அங்குலம் என்பது பொது வழக்கம். கம்பெனிக்குக் கம்பெனி சின்ன வித்தியாசம் வரலாம், வேறு ஒன்றை வாங்கிப் போட்டுப் பாருங்கள். எண்ணைப் பார்த்து ஏமாறவேண்டாம். .308-க்கு ஆர்சிபிஎஸ்ஸில் 3, ஹார்னடியில் 1, லீயில் 2. மூன்றும் அதே விளிம்புக்குத்தான். ரெட்டிங் நிறுவனம் விற்கும் காம்பெட்டிஷன் ஷெல் ஹோல்டர்கள் 0.002 முதல் 0.010 வரை வேண்டுமென்றே உயரமானவை. யாரிடமாவது பழைய சாமான் வாங்கியிருந்தால், அதில் ஒன்று உங்கள் கையில் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

தோள்ல சின்னச் சின்னப் பள்ளம் விழுது. கேஸைத் தூக்கிப் போடணுமா?

மசகு அதிகம். எண்ணெய் நசுங்காது, வெளியேற வழியில்லாமல் பித்தளையை உள்ளே தள்ளுகிறது. தோளில் தடவவேண்டாம் என்றது இதற்குத்தான். டையில் காற்று வெளியேற ஒரு சின்னத் துளை இருக்கும், அது அடைபட்டிருந்தாலும் இதே கதைதான். வழவழப்பான லேசான பள்ளம் அடுத்த சுடுதலில் தானே எழும்பிவிடும். கூர்மையாக மடிந்திருந்தால் கழித்துவிடுங்கள்.

எல்லாக் கேஸ்லயும் ஒரே இடத்துல நீளமா ஒரு கீறல். டைக்குள்ள ஏதோ இருக்கா?

இருக்கிறது. ஒன்று மணல், இல்லாவிட்டால் டையின் சுவரில் ஒட்டிக்கொண்ட பித்தளைத் துணுக்கு. தரையில் பொறுக்கிய கேஸைக் கழுவாமல் ஓட்டினால் மணல் வரும். மசகு குறைந்தால் பித்தளை ஒட்டும். கம்பியைக் கழற்றி, கரைப்பான் ஊற்றித் துடையுங்கள். துணி சுற்றிய குச்சியை உள்ளே விட்டு வெளிச்சத்தில் பார்த்தால், எஃகின் சாம்பல் நிறத்தில் ஒரு மஞ்சள் கோடு தெரியும். மெட்டல் பாலிஷ் தடவிய துணியை டிரில்லில் சுற்றி மெதுவாக ஓட்டினால் போய்விடும். எமரித் தாள் வேண்டாம், அளவு மாறிவிடும்.

கேஸை இறக்கும்போது கீச்சுன்னு ஒரு சத்தம், கைப்பிடியும் கனமா இழுக்குது.

முதல் பதிலில் சொன்ன உருண்டை, கழுத்தின் உள்ளே வறட்சியாக உரசுகிறது. இந்த இழுப்பு கழுத்தைக் கோணலாக்கும், தோளையும் மேலே இழுத்து நீங்கள் அளந்து வைத்த 0.002-ஐக் கெடுக்கும். நைலான் பிரஷ்ஷில் மைக்கா அல்லது கிராஃபைட் தூள் தொட்டு, நாலைந்து கேஸுக்கு ஒரு தடவை கழுத்தின் உள்ளே விட்டு எடுங்கள். உருண்டையையும் மெருகேற்றலாம்.

பிரைமர் தள்ளுற பின் உடைஞ்சுபோச்சு. மறுபடி வாங்கினேன், மறுபடி உடைஞ்சது.

கேஸின் வாய்வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் ஒரு துளை இருந்தால் அது பாக்ஸர் வகை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்னத் துளை இருந்தால் பெர்டான், அதில் நம் பின்னுக்கு வழியே இல்லை. பெர்டான் ஒரு அமெரிக்கர், அவருடைய வகை ஐரோப்பாவில் ஓடியது. பாக்ஸர் ஆங்கிலேயர், அவருடையது அமெரிக்காவில் நிலைத்தது. பழைய ராணுவக் கேஸ் கலந்து வாங்கினால் முன்கூட்டியே பிரித்துவிடுங்கள்.

ஒற்றைத் துளைதான் என்றால், பாலிஷ் போட்டபோது சிக்கிய வால்நட் துணுக்கு இருக்கலாம். கம்பி நடுவில் இல்லாமல் சாய்ந்திருக்கலாம், அல்லது மிகவும் கீழே இறங்கி, உருண்டையே கேஸின் அடியில் முட்டலாம். லாப்புவாவின் .308 பால்மா கேஸ் போன்ற சிலவற்றில் துளை சாதாரண 0.080-க்குப் பதில் 0.059 தான். அதற்கு மெல்லிய பின் தனியாக விற்கிறது.

பிரைமர் போட்ட அப்புறம்தான் தெரிஞ்சது, அந்தக் கேஸை ரீசைஸே பண்ணலை. இப்ப டைக்குள்ள விடலாமா?

வேண்டாம். பின் உயிருள்ள பிரைமரில் போய் முட்டும். மருந்தும் குண்டும் இல்லாத அந்தக் கேஸை ரேஞ்சில் உங்கள் ரைஃபிளில் போட்டு, குழாயைப் பாதுகாப்பான பக்கம் நீட்டி, பிரைமரை மட்டும் சுட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பியுங்கள்.

ரீசைஸ் பண்ணின கேஸ் போட்டாலும் போல்ட் மூட மாட்டேங்குது. எங்க பார்க்கிறது?

பிரைமரும் மருந்தும் இல்லாத கேஸை வைத்துத்தான் இந்தச் சோதனை. வெறும் கேஸ் ஏறுகிறது, குண்டு வைத்தபின்தான் ஏறவில்லை என்றால், ரீசைஸிங் டையை விட்டுவிடுங்கள். குண்டு அதிகம் வெளியே நிற்கிறது, அல்லது குண்டை உட்காரவைக்கும் டை வாயை இறுக்கும்போது தோளைப் பிதுக்கிவிட்டது.

வெறும் கேஸே ஏறவில்லையா? கறுப்பு மார்க்கரை முழுக்கப் பூசி, காய்ந்தபின் சேம்பரில் விட்டு, போல்ட்டை மெதுவாக மூடித் திறந்து பாருங்கள். மை எங்கே உரிந்திருக்கிறதோ அங்கேதான் முட்டல். தோளைச் சுற்றி உரிந்திருந்தால் டை போதுமான அளவு இறங்கவில்லை, மேலே சொன்ன ஒளிக்கீற்றைத் தேடுங்கள். வாய் விளிம்பில் என்றால் கேஸ் நீண்டுவிட்டது, வெட்டவேண்டும். .308-க்கு உச்சம் 2.015, வெட்டும் அளவு 2.005. .223-க்கு 1.760, 1.750. ரீசைஸிங்கில் கேஸ் நீளும் என்பதால் எப்போதும் ரீசைஸ் செய்த பிறகுதான் நீளத்தை அளக்கவேண்டும்.

அடிக்கு மேலே உரிந்திருந்தால், வேறு துப்பாக்கியின் பெரிய சேம்பரில் சுட்ட கேஸாக இருக்கும். பொறுக்கியெடுத்த ராணுவக் கேஸ், ஏஆர்-15, எம்1 காரண்ட் இவற்றில்தான் இந்தத் தொல்லை. ஸ்மால் பேஸ் டை என்று ஒன்று இருக்கிறது, அது அடிப்பகுதியைக் கூடுதலாக இறுக்கும். எடுத்தவுடன் அதை வாங்காதீர்கள், கேஸின் ஆயுள் குறையும். சாதாரண டையை ஒழுங்காக அமைத்தும் சரிவராவிட்டால் பார்க்கலாம்.

ஒரே டை, ஒரே அமைப்பு. ஆனா ஒரு கேஸ் 0.001 தள்ளுது, அடுத்தது 0.004. ஏன் இப்படி?

பித்தளை 70 பங்கு தாமிரம், 30 பங்கு துத்தநாகம். நசுக்க நசுக்கக் கெட்டிப்படும், கெட்டிப்பட்டது டையிலிருந்து வெளியே வந்ததும் கொஞ்சம் திரும்பி விரியும். ஒரு தடவை சுட்டதும் ஆறு தடவை சுட்டதும் ஒரே பெட்டியில் கிடந்தால் அளவு எப்படி ஒன்றாக வரும்? கம்பெனிவாரியாக, சுட்ட தடவைவாரியாகப் பிரித்து வையுங்கள். மசகின் அளவு மாறினாலும் இதே சிக்கல் வரும். கைப்பிடி கடைசிக்கு வந்ததும் மூன்று நான்கு விநாடி நிறுத்திப் பிடித்தால் வித்தியாசம் குறையும்.

கழுத்தையும் தோளையும் மட்டும் சில விநாடி சூடாக்கி இளக்குகிற அனீலிங் இதற்கு நல்ல மருந்து. அடிப்பகுதிக்குச் சூடு ஏறவே கூடாது. அது இளகினால் அழுத்தம் தாங்காது, முகத்துக்கு நேராக நிற்பது நீங்கள். அனீல் செய்தபின் டையை மறுபடி அளந்து அமைக்க வேண்டும்.

அடிக்கு மேல பளபளன்னு ஒரு வளையம் தெரியுது. டை போட்ட கீறலா?

இதைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். டை போட்ட கோடு அநேகமாக மேலோட்டமானது. ஆனால் கேஸ் இரண்டாகப் பிரியப்போவதற்கு முன்னாலும் இதே இடத்தில் இப்படித்தான் வளையம் தெரியும். ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைச் சின்னக் கொக்கியாக வளைத்து, கேஸின் உள்சுவரில் அடியிலிருந்து மேலே இழுத்துப் பாருங்கள். வளையத்துக்கு நேரே நுனி ஒரு பள்ளத்தில் தடுக்கினால், அந்தக் கேஸை மட்டுமல்ல, அதே தொகுதி முழுவதையும் சோதிக்கவேண்டும். தடுக்கியவற்றை இடுக்கியால் நசுக்கிப் பழைய பித்தளையில் போடுங்கள். காரணம் தோளை அதிகம் தள்ளியது.

என்கிட்ட பழைய லீ-என்ஃபீல்டு இருக்கு. .303 கேஸ் மூணு தடவையிலயே பிளந்துடுதே?

நம் ஊர் போலீஸ்காரர் தோளில் பார்த்த அதே .303 தான். சேம்பரில் அந்தக் கேஸ் தன் தோளில் நிற்பதில்லை, விளிம்பில் நிற்கும். சேறும் அழுக்கும் படிந்த தோட்டாவும் ஏறவேண்டும் என்று ராணுவச் சேம்பரை முன்பக்கம் தாராளமாகக் குடைந்திருப்பார்கள். முதல் சுடுதலிலேயே தோள் வெகுதூரம் முன்னால் ஓடிவிடும். அதை டை ஒவ்வொரு தடவையும் பழைய இடத்துக்குத் தள்ளினால் அடி மெலிவது நிச்சயம். காகிதத்தில் போட்டபடி டையை முட்டவைக்காமல், தோளை லேசாகத் தொடும் உயரத்தில் நிறுத்துங்கள். கழுத்தை மட்டும் ஒடுக்கினாலும் சரி. கேஸின் ஆயுள் கூடும், ஆனால் அந்தக் கேஸ் அந்த ஒரு ரைஃபிளுக்கு மட்டும்தான்.

.300 வின்செஸ்டர் மேக்னம் போல அடியில் பட்டை உள்ளவற்றுக்கும் இதே யோசனைதான். பட்டை இருக்கிறதே என்று அதை நம்பாமல், தோளை அளந்து டையை அமையுங்கள்.

நான் ஹெச்-1பி விசால இருக்கேன். நண்பரோட பிரெஸ்ல செய்யலாமா? ஊருக்குப் போனா அங்கே செய்யலாமா?

அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா செய்ய மத்திய அரசின் உரிமம் வேண்டாம், விற்பதற்குச் செய்தால்தான் வேண்டும். மாநிலச் சட்டங்கள் தனி. ஆனால் குடியேற்றமில்லா விசாவில் இருப்பவர், துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டா வைத்திருப்பதே மத்திய சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. எழுதப்பட்ட சட்டத்தில் கேஸும் பிரைமரும்கூட "தோட்டா" என்பதற்குள் அடங்கும், எனவே வெறும் கூடுதானே என்று நினைக்கவேண்டாம். விலக்கு உங்களுக்குப் பொருந்துகிறதா என்று வழக்கறிஞரைக் கேட்டுவிட்டு பிரெஸ் பக்கம் போங்கள். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிக்கக் கூடாது. துப்பாக்கி வைத்துக்கொள்ள வாங்கிய லைசென்ஸ் அதற்குச் செல்லாது. டையைப் பெட்டியில் கட்டி ஊருக்கு எடுத்துப்போகும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள்.